காரணம்: வெட்கம்

வாவிக்கரை மகளிர் விசேட நல நிலையம் ஒரு வியாழக்கிழமை காலை கல்லடியில் திறந்து வைக்கப்பட்டது. பிரதம அதிதிகள் நான்கு பேர் வந்துவிட்டதால் வாசலில் நான்கு நாடாக்கள் கட்டி ஆளுக்கொன்றாக வெட்டினார்கள்.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், வயது போகப் போகவும் சலத்தை அடக்க முடியாமல் தவிக்கும் பெண்களுக்கு இயன்மருத்துவப் பயிற்சி கொடுக்கத்தான் அந்த நிலையம். கத்தியும் இல்லை, மருந்தும் இல்லை. இடுப்புக்கு அடியில் இருக்கும் தசைகளைப் பயிற்சியால் பலப்படுத்தினால் அநேகம் பேருக்குச் சுகம் வரும். அதற்காக வெளிநாட்டு நிறுவனமொன்று கட்டடமும் கட்டிலும் கொடுத்திருந்தது.

ஆனால் பெயர்ப்பலகையில் இது எதுவும் இல்லை. முதலில் எழுதிவந்த பலகையில் ‘சிறுநீர்’ என்ற சொல் இருந்தது. பணிப்பாளர் ஹெக்டர் அதைக் கண்டதும் பலகையைத் துணியால் மூடச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்வரும் பெரிய தெருவில் இப்படியொரு சொல்லைத் தொங்கவிடலாமா என்று கேட்டார். ஆகவே நோய் ‘விசேட நலம்’ ஆகிவிட்டது. வாழ்வாதார உதவி கொடுக்கும் இடமென்று நினைத்து, முதல் மாதம் வந்த பெண்களில் பதினொரு பேர் தையல் மெஷின் கேட்டார்கள். ஆறு பேர் கோழிக்குஞ்சு கேட்டார்கள். ‘பெண்கள் தமது உண்மையான நோயை மறைத்துத் தையல் இயந்திரம் கேட்கிறார்கள்’ என்று நிலையத்தின் முதலாவது மாத அறிக்கை சொன்னது.

கேதீஸ்வரிக்கு நாற்பத்தேழு வயது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் லோன்றியில் வேலை. ஈரமான பெட்ஷீட்டுகளை மெஷினிலிருந்து அள்ளி எடுத்துக் கொடிக்குக் கொண்டுபோவது அவளுடைய பங்கு. மூன்றாவது பிள்ளை நாலு கிலோவுக்கு மேலே பிறந்த நாளிலிருந்து, பதினாறு வருடமாக, இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால் அவளுக்குச் சலம் கசிந்தது. புருசனின் பழைய சாரத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வாள். வேலை நாட்களில் விடிந்தால் மத்தியானம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. சிரிப்பதையும் குறைத்துக்கொண்டாள். அவளைத் தெரியாதவர்கள் அவளை முசுடு என்றார்கள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் வேலைக்குப் போகும் வான் பெரிய பள்ளமொன்றில் விழுந்து எழும்பியது. கேதீஸ்வரியின் சீற் நனைந்தது. மறுநாள் அவள் இருக்கும் இடத்தில் மட்டும் சாரதி ஒரு பொலித்தீன் விரித்திருந்தான். அவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். ஒரு மணித்தியாலப் பயணம். அசையும்போதெல்லாம் பொலித்தீன் சத்தம் போட்டது. அந்தக் கிழமையே சுப்பர்வைசர் கூப்பிட்டு, வைத்தியம் பார்க்கிறதாக நான்கு மாதத்துக்குள் எங்கிருந்தாவது ஒரு கடிதம் கொண்டுவரும்படியும், இல்லாவிட்டால் வேலைக்கு வரத் தேவையில்லை என்றும் சொன்னார்.

அவளோடு வேலை செய்யும் மார்கிறட்டின் வீடு அந்த நிலையத்துக்குப் பின்வளவு. திறப்புவிழாவுக்கு ரோல்ஸ் சாப்பிடப் போனவள், அங்கே வேலைக்கு வந்திருந்த றிஸ்லா என்ற இயன்மருத்துவரோடு கதைத்து விசயத்தை அறிந்து வந்திருந்தாள். அதை இப்போது கேதீஸ்வரியிடம் சொன்னாள். மார்கிறட்டுக்கும் அதே கரைச்சல்தான். ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றும் இரண்டு பேரும் அதுவரை அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

லீவு நாளில் கேதீஸ்வரி நிலையத்துக்குப் போனாள். முன்மண்டபத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் பிரதீஸ் இருந்தான். இருபத்தெட்டு வயது. இரகசியம் பேணுவது பற்றி மூன்று நாள் பயிற்சி எடுத்தவன். அவன் அறுபத்துநான்கு கேள்விகள் கொண்ட படிவமொன்றை எடுத்தான். அவள் கையை நீட்டினாள். அவன் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அது அந்தரங்கப் படிவம், வெளியாட்கள் பார்க்கக்கூடாது, ஆகவே தானே வாசித்துத் தானே எழுத வேண்டும் என்றான்.

மண்டபத்தில் தையல் மெஷினுக்கு வந்தவர்கள் உட்பட இருபது பேர் இருந்தார்கள். மின்விசிறி பெரிய சத்தம். பிரதீஸ் அதற்கு மேலே குரலை உயர்த்தி வாசித்தான்.

“அக்கா, உங்களுக்கு அந்த விசயம் ஒரு நாளைக்கு எத்தின தரம்?”

“எந்த விசயம் தம்பி?”

“அந்த விசேட விசயம்.”

“சலம் போறதையா கேக்கிறீங்க?”

பிரதீஸின் முகம் சிவந்தது. அந்தச் சொல்லை இங்கே பாவிக்க வேண்டாம், மற்றவர்கள் வெட்கப்படுவார்கள் என்றான். கேதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கோழிக்குஞ்சுக்கு வந்த ஒரு பெண், தனக்கும் அதே கரைச்சல் இருக்கிறது, அதற்கா இந்த இடம் என்று கேட்டாள். பிரதீஸ் அவளை வரிசை குழப்ப வேண்டாம் என்று அதட்டினான்.

படிவம் முடிய மத்தியானமாகிவிட்டது. றிஸ்லா மண்டப மூலையில் ஒரு சிறிய மேசையில் இருந்து, நிரப்பிய படிவங்களைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கதவு. அதில் ‘சிகிச்சை அறை’ என்று எழுதிப் பூட்டுப் போட்டிருந்தது.

இரண்டாவது தடவை கேதீஸ்வரி போனபோது, உண்மையாகவே அந்த விசயம் இருக்கிறதென்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கிராம சேவகர் கையொப்பமிட வேண்டும். கிராம சேவகர் நேர்மையான மனிதர். கண்ணால் காணாததற்கு எப்படி ஒப்பம் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், ‘இவர் எனது பிரிவில் வசிப்பவர் என்பதையும், தனக்கு மேற்படி கசிவு உள்ளதாகத் தானே கூறுகிறார் என்பதையும் உறுதிப்படுத்துகிறேன்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

மூன்றாவது தடவை, கணவனின் சம்மதம் வேண்டுமென்றார்கள். அவளுடைய புருசன் அழகரத்தினம் வாவியில் தோணி விடுகிறவர். அன்று இறால் பட்டிருந்ததால் நல்ல மனநிலையில்தான் வந்தார். படிவத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

“இஞ்சேருகா, உன்ட சலத்துக்கு நான் ஏன் ஒப்பம் வைக்கிற?” என்று கேட்டார்.

அவள் பேனையை நீட்டினாள். அவர் ஒப்பம் வைத்து, அதற்குக் கீழே, ‘பதினாறு வரிசமாப் பாடுபடுறா, கெதியாப் பாருங்க’ என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அரச படிவத்தில் தேவையற்ற வாசகம் சேர்க்கப்பட்டிருப்பதாகச் சொல்லி பிரதீஸ் அதை நிராகரித்தான். புதுப் படிவம் கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை.

அதற்குப் பிறகும் மூன்று தடவை போனாள். எல்லாக் கடதாசியும் சரியாகியிருந்தது. இனி அறைக்குப் போகலாமா என்று கேட்டாள். அறைப் பூட்டின் திறப்பு பணிப்பாளரிடம் இருக்கிறது, பணிப்பாளர் செயலமர்வில் இருக்கிறார் என்றான் பிரதீஸ். அடுத்த தடவை பணிப்பாளர் வெளிநாட்டில் இருந்தார். அதற்கடுத்த தடவை நிலையத்தில்தான் இருந்தார், ஆனால் திட்டம் இன்னும் முதலாம் கட்டத்தில்தான் இருந்தது. முதலாம் கட்டம் ஆய்வு. பெண்கள் ஏன் இயன்மருத்துவத்தைப் பயன்படுத்துவதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகுதான் அறை திறக்கப்படும்.

அன்று றிஸ்லா வாசல்வரை அவளோடு நடந்து வந்தாள். எட்டு மாதமாகத் தான் ஒரு நோயாளியையும் தொடவில்லை என்றாள். அந்த அறைக்குள் இருக்கும் கட்டிலின் பொலித்தீன்கூட இன்னும் கழற்றவில்லையாம். கேதீஸ்வரிக்கு வானில் விரித்த பொலித்தீன் நினைவுக்கு வந்தது. கடிதத்துக்கான தவணையில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

ஆய்வு முடிவை வெளியிட ஆனி மாதத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். படிவம் நிரப்பிய நாற்பத்திரண்டு பெண்களையும் அழைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கே மண்டபத்தில் இருத்தினார்கள். அதிதிகள் வரத் தாமதம் என்பதால் இரண்டு தரம் தேத்தண்ணி கொடுத்தார்கள். மண்டபத்தில் ஒரு மலசலகூடம் இருந்தது. அது அதிதிகளுக்காகக் கழுவிப் பூட்டப்பட்டிருந்தது.

பத்தே முக்காலுக்கு ஹெக்டர் பேச எழுந்தார்.

“தாய்மாரே, சகோதரிகளே. எமது ஆய்வு மிகப் பெரிய உண்மையொன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. அறை இருக்கிறது. கட்டில் இருக்கிறது. இயன்மருத்துவர் இருக்கிறார். இல்லாதது ஒன்றே ஒன்று. நோயாளி. ஏன் இல்லை? வெட்கம். எமது பெண்கள் வாய் திறக்க வெட்கப்படுகிறார்கள். நான் இந்த விடயத்துக்காக ஐந்து நாடுகளுக்குப் போய்வந்தவன். அங்கெல்லாம் பெண்கள் சிரித்த முகத்தோடு சிகிச்சைக்கு வருகிறார்கள். எமது பெண்கள் ஏன் வருவதில்லை?”

பின்வரிசையில் இருந்து இராசாத்தி என்ற வயதான பெண், அறை பூட்டிக் கிடக்கிறதே சேர் என்றாள். ஹெக்டர் அதை வரவேற்றார்.

“நல்ல கேள்வி. அறையை ஏன் திறக்கவில்லை? திறந்தால் பாவிப்பார்கள். பாவித்தால் கட்டில் பழுதாகும். பழுதான கட்டிலைக் காட்டி இரண்டாம் கட்டத்துக்கு நிதி கேட்க முடியுமா? உங்களுடைய நன்மைக்காகத்தான் நான் அதை உங்களிடமிருந்து பாதுகாத்து வைத்திருக்கிறேன்.”

அதிதிகள் கைதட்டினார்கள். அவர் அடுத்ததாகத் தாய்லாந்து அனுபவத்துக்குப் போனார். பதினொன்றரை ஆனது. பெண்கள் காலை மாற்றி மாற்றிப் போட்டார்கள். சிலர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். கேதீஸ்வரிக்கு அடிவயிறு கல்லாகியிருந்தது. எழும்பி வாசலுக்குப் போனாள். வாசலில் பிரதீஸ் மறித்து நின்றான். பணிப்பாளரின் பேச்சை வீடியோ எடுக்கிறார்கள், நடுவில் ஆட்கள் எழும்பிப் போனால் அழகாயிருக்காது என்றான்.

“தம்பி, வழி விடுங்க” என்றாள் கேதீஸ்வரி. “விடாட்டி இஞ்சயே போயிரும். மறுகா அதையும் வீடியோ எடுங்க.”

அவன் விலகினான். அவளுக்குப் பின்னால் மார்கிறட் எழும்பினாள். இராசாத்தி எழும்பினாள். கோழிக்குஞ்சுப் பெண் எழும்பினாள். மொத்தம் பதினெட்டுப் பேர். ஹெக்டர் ஒலிவாங்கியை விடவில்லை.

“பாருங்கள். விடயத்தைப் பேசத் தொடங்கியதுமே வெட்கம் தாங்காமல் எழுந்து ஓடுகிறார்கள். எமது ஆய்வுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?”

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தொகையும் சேர்க்கப்பட்டது: வெட்கத்தினால் வெளியேறியோர், பதினெட்டு.

பதினெட்டுப் பேரும் மார்கிறட்டின் வளவுக்குள் ஓடினார்கள். கக்கூஸ் ஒன்றுதான். வரிசையில் நின்றபோது யாரோ ஒருத்தி தாய்லாந்துப் பெண்களைப் போலச் சிரித்த முகத்தோடு நில்லுங்கள் என்றாள். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாதென்று ஒருத்தியையொருத்தி பிடித்துக்கொண்டார்கள். முன்னுக்கு நின்ற நாலைந்து பேருக்கு அதற்குள் நனைந்துவிட்டது. அதற்கும் சிரித்தார்கள். கேதீஸ்வரி பதினாறு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடிய அவளுக்கு அழுகை வந்தது, அழுகை முடிய ஆத்திரம் வந்தது. இத்தனை பேர் இத்தனை வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மூலையில் பழந்துணி மடித்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அது கூடியது.

அப்போது படலையைத் திறந்துகொண்டு றிஸ்லா வந்தாள்.

“அக்காமாரே, எனக்கிட்ட அறைத் திறப்பு இல்ல” என்றாள். “ஆனா இதுக்கு அறையும் தேவையில்ல, அந்தக் கட்டிலும் தேவையில்ல. ஒரு பாய் இரிந்தாப் போதும்.”

மார்கிறட்டின் உள்ளறையில் பாய் போட்டார்கள். றிஸ்லா ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மெதுவான குரலில் கேட்டு, சரியான தசையைத்தான் இறுக்குகிறார்களா என்று பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். காற்று வெளியேறாமல் அடக்குவதைப் போல இறுக்கி மேலே இழுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சில வினாடி பிடித்து, முழுதாக விட வேண்டும். அப்படிப் பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. இருமல் வருகிறதென்றால், பாரம் தூக்கப் போகிறதென்றால், அதற்கு முதல் ஒருக்கால் இறுக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கூடுமே தவிரக் குறையாது. மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும், ஒரு கிழமையில் ஒன்றும் தெரியாது.

ஆளுக்கு இருபது நிமிடம். கேதீஸ்வரி வெளியே வந்து மார்கிறட்டைப் பார்த்தாள். இவ்வளவுதானா என்று கேட்டாள். இந்த இருபது நிமிடத்துக்காகவா கிராம சேவகர் இரண்டு நாள் யோசித்தார் என்று கேட்டாள்.

சனிக்கிழமை தோறும் றிஸ்லா வந்தாள். எல்லோருக்கும் சரிவரவில்லை. இராசாத்திக்குக் கருப்பை இறங்கியிருந்தது. றிஸ்லா அவளைக் கையோடு கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் பெண்நோய் வைத்தியரிடம் காட்டினாள். இரண்டு பேர் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். கேதீஸ்வரி விடவில்லை. வானில் இருந்து செய்தாள், கொடிக்குக் கீழே நின்று செய்தாள். ஒன்பதாவது கிழமை ஒருநாள் மார்கிறட் குசினியில் செத்தல் மிளகாய் வறுத்தாள். அதன் கமறல் விறாந்தைவரை வந்தது. கேதீஸ்வரி இருமினாள், இருமினாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினாள். பிறகு எழும்பிக் கதிரையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

கடிதத்தின் தவணை வந்ததும் றிஸ்லா தன் பெயரும் பதிவிலக்கமும் போட்டு, இவர் என்னிடம் பயிற்சி பெறுகிறார், தேறி வருகிறார் என்று எழுதிக் கொடுத்தாள். சுப்பர்வைசர் அதை வாசித்துவிட்டு, உண்மையா என்று அறிய நிலையத்துக்குப் போன் எடுத்தார். பிரதீஸ் வரவுப் பதிவேட்டைப் பார்த்து, அப்படியொருவர் சிகிச்சைக்கு வரவேயில்லை என்று சொன்னான்.

இரண்டு நாளில் றிஸ்லாவுக்கு விளக்கம் கோரிக் கடிதம் போனது. நிலையத்துக்கு ஒரு நோயாளியும் சமூகமளிக்காத காலத்தில் நோயாளிக்குச் சிகிச்சை அளித்ததாகப் பொய்க் கடிதம் வழங்கினார் என்பது குற்றச்சாட்டு. திங்கட்கிழமை விசாரணை. அதுவரை வேலை இடைநிறுத்தம். சுப்பர்வைசர் கேதீஸ்வரியையும் கூப்பிட்டு, கள்ளக் கடிதம் கொடுத்ததற்கு அவளையும் நிற்பாட்ட வேண்டிவரும் என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டு நிலையத்துக்குப் போனாள். இம்முறை தனியே போகவில்லை. மார்கிறட் போய் மற்றவர்களையும் கூட்டி வந்திருந்தாள். இராசாத்தி ஒப்பரேசன் முடிந்து மூன்றாவது கிழமை, ஓட்டோவில் வந்தாள்.

கேதீஸ்வரி பதிவேட்டைக் காட்டச் சொன்னாள். அது அந்தரங்கம் என்றான் பிரதீஸ். அப்படியென்றால் வாசியுங்கள், முதலும் நீங்கள்தானே வாசித்தீர்கள் என்றாள். பழக்கமான வேலை என்பதால் அவன் வாசித்துவிட்டான்.

“பெயர், அழகரத்தினம் கேதீஸ்வரி. சிகிச்சைக்குச் சமூகமளிக்கவில்லை. காரணம், வெட்கம்.”

மார்கிறட்டின் பெயரையும் வாசிக்கச் சொன்னார்கள். சமூகமளிக்கவில்லை. காரணம், வெட்கம். இராசாத்தி. காரணம், வெட்கம். நாற்பத்திரண்டு பெயருக்கும் அதே சொல். முப்பதாவது பெயருக்குப் பிறகு எழுதக் கை நொந்திருக்க வேண்டும், மேற்படி என்று போட்டிருந்தது.

சத்தம் கேட்டு ஹெக்டர் வந்தார். விசயத்தைக் கேட்டு அனுதாபத்தோடு தலையாட்டினார். அறையில் நடப்பதுதான் சிகிச்சை, அறை திறக்கப்படவில்லை, ஆகவே யாரும் சிகிச்சைக்கு வரவில்லை, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று விளக்கினார். அறிக்கை கொழும்புக்குப் போய்ப் பாராட்டும் வந்துவிட்டது. இப்போது காரணத்தை மாற்றினால் பாராட்டை என்ன செய்வது? வேண்டுமானால், வெட்கத்தினால் வராமல் இருந்தோம், இனி வருவோம் என்று எல்லோரும் ஒரு கடதாசியில் எழுதித் தந்தால் இரண்டாம் கட்டத்தில் சேர்த்துக்கொண்டு, ஹோட்டலுக்கும் தானே கடிதம் தருவதாகச் சொன்னார்.

கேதீஸ்வரி சுப்பர்வைசரை நினைத்தாள். ஹோட்டல் வேலையை நினைத்தாள். எழுதிக் கொடுத்தால் அவளுக்குக் கடிதம் கிடைக்கும். றிஸ்லா பொய்க்காரி ஆகிவிடுவாள்.

அவள் பிரதீஸின் கையிலிருந்து பேனையை வாங்கினாள். அவன் தடுக்க மறந்துபோனான். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயருக்கு நேரே இருந்த சொல்லை வெட்டி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: ‘வந்தேன். ஆறு தரம் வந்தேன். சலம் போகுது என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அறை பூட்டியிருந்தது. றிஸ்லா மிஸ் பாயில் வைத்துச் சொல்லித் தந்தா. இப்ப சுகம்.’ கீழே ஒப்பம் வைத்தாள்.

பேனை மார்கிறட்டிடம் போனது. அவள் தன்னுடையதை எழுதினாள். இராசாத்திக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல மார்கிறட் எழுத, அவள் பெருவிரலை ஊன்றினாள். கோழிக்குஞ்சுப் பெண், தனக்கு இருப்பது சலக் கரைச்சல்தான், அதைப் பலகையில் எழுதியிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன் என்று எழுதினாள். வரிசை வாசல்வரை நீண்டது. எழுதி முடித்தவர்கள் போகவில்லை. ஒருத்தி பக்கத்தைப் போனில் படமெடுத்தாள்.

ஹெக்டர் அரச ஆவணம் என்றார். பொலிஸ் என்றார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இராசாத்தி தன் ஒப்பரேசனைப் பற்றிப் பக்கத்தில் நின்றவளுக்குச் சத்தமாக, ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெக்டர் காதைப் பொத்தினார். கடைசியில் அவருக்கும் பொறுக்கவில்லை.

“இந்தப் பொம்பளைகளுக்கு வெட்கமே இல்லை” என்றார்.

கேதீஸ்வரி பேனையைத் துடைத்துப் பிரதீஸிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“சேர் சொன்னதையும் எழுதுங்க தம்பி” என்றாள். “காரணம் எண்ட இடத்தில.”

பிரதீஸ் பணிப்பாளரைப் பார்த்தான். பணிப்பாளர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பதிய வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். திகதி போட்டு, பெயர் போட்டு, எழுதினான்.

திங்கட்கிழமை விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். றிஸ்லா மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அவள் கொடுத்த கடிதம் உண்மையே என்று ஹோட்டலுக்குக் கடிதம் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. ஹெக்டர் பதவி உயர்வு பெற்றுக் கொழும்புக்குப் போய், நாடு முழுவதற்கும் வெட்க ஒழிப்புத் திட்டம் தயாரிக்கிறார். றிஸ்லா சனிக்கிழமைகளில் மார்கிறட் வீட்டுக்கு வருகிறாள். போன கிழமை குருக்கள்மடத்திலிருந்து ஒரு பஸ் பெண்கள் வந்து இறங்கி, தெருவில் நின்றவர்களிடம், சலத்துக்குப் பயிற்சி கொடுக்கிற வீடு எது என்று சத்தம் போட்டுக் கேட்டார்கள்.